அட்ரீனல் கட்டி இருந்தால் சர்க்கரை ஏன் ஏறுகிறது?

ஒரு சகோதரி கேட்டிருந்த கேள்வி இது: "என் தம்பிக்கு 36 வயது. ஒல்லியான உடம்பு. எங்கள் வீட்டில் யாருக்கும் சர்க்கரை கிடையாது. ஒரு வருடமாக அவனுக்கு 250, 300 என்று நிற்கிறது. மூன்று விதமான மாத்திரை போட்டும் இறங்கவில்லை. அவ்வப்போது தலைவலி, படபடப்பு, வேர்த்துக் கொட்டுகிறது, பிரஷரும் ஏறுகிறது. ஸ்கேனில் வலது சிறுநீரகத்துக்கு மேலே 4.5 செ.மீ. கட்டி தெரிந்தது. அதை எடுத்தால் சர்க்கரையும் போய்விடலாம் என்கிறார் டாக்டர். இன்சுலின் சுரப்பது கணையம்தானே? எங்கேயோ இருக்கிற கட்டிக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம்?"

உங்கள் தம்பியின் ரிப்போர்ட்டுகளை நான் பார்க்கவில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் டாக்டர் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை என்றே தோன்றுகிறது. வாய்ப்பு உண்மையிலேயே இருக்கிறது. இன்சுலின் சுரப்பது கணையம்தான், அதில் சந்தேகமில்லை. எப்போது சுரக்கலாம், எவ்வளவு சுரக்கலாம் என்று அதற்கு வெளியிலிருந்தும் உத்தரவு வருகிறது. அந்த உத்தரவு போடும் இடங்களில் அட்ரீனல் ஒன்று.

இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பி இது. ஒன்று நாலைந்து கிராம்தான் இருக்கும். அதற்குள் இரண்டு வேறு உறுப்புகள் ஒரே கூரையின் கீழ் குடியிருக்கின்றன. வெளிப்பகுதி கார்டிசால், ஆல்டோஸ்டீரோன், கொஞ்சம் ஆண் ஹார்மோன் ஆகியவற்றைச் சுரக்கிறது. உள்பகுதி அட்ரினலினையும் நார்அட்ரினலினையும் சுரக்கிறது. நம் உடம்பில் ரத்தச் சர்க்கரையைக் குறைக்க இருக்கும் முக்கிய ஹார்மோன் இன்சுலின் ஒன்றே ஒன்று. ஏற்றுவதற்கு நான்கு பேர்: குளுக்ககான், அட்ரினலின், கார்டிசால், வளர்ச்சி ஹார்மோன். இந்த நால்வரில் இருவர் அட்ரீனல் வீட்டுப் பிள்ளைகள். அந்த வீட்டில் கட்டி வந்து, கட்டுப்பாடில்லாமல் சுரக்க ஆரம்பித்தால் சர்க்கரை ஏறுவதில் வியப்பில்லை.

இந்தத் தொடர்பு தெரியவந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. 1901-இல் ஜெர்மனியில் ஃபெர்டினாண்ட் ப்ளூம் என்பவர் அட்ரீனல் சுரப்பியின் சாற்றை விலங்குகளுக்கு ஊசியாகப் போட்டார். அவற்றின் சிறுநீரில் சர்க்கரை வந்தது. அதற்கு அவர் "அட்ரீனல் நீரிழிவு" என்றே பெயர் வைத்தார். இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது 1921-இல். அதற்கு இருபது வருடம் முன்பே நடந்த கதை இது. கல்லீரலில் சேமித்து வைத்த சர்க்கரையை அட்ரினலின் கரைத்து விடுகிறது என்ற விளக்கம் வெகு காலம் போதுமானதாக இருந்தது. அது பாதி உண்மைதான்.

மீதிப் பாதி தெரிய, ரத்தத்தில் இருக்கும் மிகச் சிறிய அளவு இன்சுலினையும் அளக்க ஒரு வழி வேண்டியிருந்தது. ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் 1960 வாக்கில் அந்த வழியைக் கொடுத்தார்கள். அதைப் பயன்படுத்தி அமெரிக்காவின் சியாட்டிலில் டேனியல் போர்ட் என்ற மருத்துவர் ஒரு எளிய சோதனை செய்தார். ஆரோக்கியமானவர்களுக்கு அட்ரினலினை டிரிப்பில் ஏற்றினார். ரத்தச் சர்க்கரை ஏறியது. சர்க்கரை ஏறினால் இன்சுலினும் ஏற வேண்டும் அல்லவா? ஏறவில்லை. அடுத்து, அட்ரினலின் ஒட்டும் இடங்களில் 'ஆல்பா' என்ற வகையை மட்டும் அடைக்கும் ஃபென்டோலமின் மருந்தைச் சேர்த்துக் கொடுத்தார். இன்சுலின் வெளியே வந்தது. ஆக, கணையத்திடம் சரக்கு இருந்திருக்கிறது. கடையின் ஷட்டரைத்தான் யாரோ இழுத்து இறக்கியிருக்கிறார்கள்.

ஷட்டர் எப்படி இறங்குகிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம், ஏனென்றால் பின்னால் அறுவை சிகிச்சை நாளில் நடப்பது இதிலிருந்துதான் புரியும். கணையத்தின் பீட்டா செல்லுக்குள் குளுக்கோஸ் நுழைந்து எரிகிறது. அந்தச் சக்தியால் செல்லின் சுவரில் உள்ள பொட்டாசியம் வாசல்கள் மூடுகின்றன. அதனால் மின்னழுத்தம் மாறுகிறது, கால்சியம் உள்ளே பாய்கிறது, இன்சுலினை நிரப்பி வைத்திருக்கும் நுண்ணிய பைகள் சுவரோடு ஒட்டி உடைந்து சரக்கை வெளியே கொட்டுகின்றன. பீட்டா செல்லின் மேல் ஆல்பா-2 என்ற ஏற்பி இருக்கிறது. அட்ரினலின் அதைத் தொட்டதும், செல்லுக்குள் இன்சுலின் சுரப்பை ஊக்குவிக்கும் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற தூதுப்பொருள் குறைகிறது. அதோடு, பைகள் சுவரோடு ஒட்டும் அந்தக் கடைசிப் படியும் தடைபடுகிறது. அதாவது முன்படிகள் எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் வாசலில் நிறுத்திவிடுகிறது. கிளிமிபிரைட், கிளிக்ளசைட் போன்ற மாத்திரைகள் வேலை செய்வது முதல் படியில், பொட்டாசியம் வாசலில். கடைசிப் படியில் தடை இருக்கும்போது அவை எதிர்பார்த்த பலனைத் தராமல் போவது இதனால்தான். உங்கள் தம்பிக்கு மூன்று மாத்திரை போட்டும் இறங்காததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

பீட்டா-2 என்ற வேறொரு ஏற்பியும் பீட்டா செல்லில் உண்டு, அது இன்சுலினைக் கொஞ்சம் தூண்டும். ஆனால் இரண்டுக்கும் நடக்கும் இழுபறியில் பெரும்பாலும் ஜெயிப்பது ஆல்பா-2.

உடம்பு ஏன் தனக்குத்தானே இப்படிச் செய்துகொள்கிறது என்று நினைக்கத் தோன்றும். தெருநாய் துரத்தும்போது நினைத்துப் பாருங்கள். ஓடுகிற தசைக்குச் சர்க்கரையை இழுத்துக்கொள்ள இன்சுலின் தேவையில்லை, சுருங்கி விரிவதே போதும். மூளைக்கும் தேவையில்லை. அந்த நேரத்தில் இன்சுலின் சுரந்தால் சும்மா இருக்கும் கொழுப்புத் திசுவும் சர்க்கரையை எடுத்துச் சேமிக்க ஆரம்பித்துவிடும். அதனால் ஐந்து பத்து நிமிடத்துக்கு ஷட்டரை இறக்குவது நல்ல ஏற்பாடு. கட்டி வந்தவருக்கு நாய் துரத்துவது நிற்பதே இல்லை. அதுதான் வித்தியாசம்.

அட்ரீனலின் உள்பகுதியில் வரும் இந்தக் கட்டிக்குப் பெயர் ஃபியோகுரோமோசைட்டோமா. அது இன்சுலினைத் தடுப்பதோடு நிற்பதில்லை. கல்லீரலில் சேமித்த கிளைக்கோஜனை உடைத்துச் சர்க்கரையாக அனுப்புகிறது. தசையில் உள்ள கிளைக்கோஜன் லாக்டேட்டாக மாறி, கல்லீரலுக்குப் போய், அங்கே மறுபடி சர்க்கரையாகிறது. கொழுப்பு கரைந்து கொழுப்பு அமிலங்கள் ரத்தத்தில் மிதப்பதால், வெளியே வருகிற கொஞ்ச இன்சுலினின் பேச்சையும் தசை கேட்பதில்லை. இப்படி எல்லாமே கரைவதால்தான் இவர்களில் பலர் மெலிந்து போகிறார்கள். கட்டி அதிகம் சுரப்பது அட்ரினலினா நார்அட்ரினலினா என்பதைப் பொறுத்தும் சர்க்கரை மாறும். நார்அட்ரினலினுக்குக் கல்லீரலில் அவ்வளவு பிடிப்பில்லை, அதனால் அட்ரினலின் கட்டிகளில்தான் சர்க்கரைத் தொந்தரவு கூடுதல். ஏறத்தாழ மூன்றில் ஒரு நோயாளிக்கு நீரிழிவு காணப்படுகிறது. ஆய்வுக்கு ஆய்வு எண் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இது அபூர்வ நோய். ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் 2 முதல் 8 பேருக்குத்தான் வருகிறது. நம் ஊரில் சர்க்கரை நோய் எவ்வளவு சகஜம் என்று உங்களுக்கே தெரியும். வேறு எதற்கோ எடுத்த சி.டி. ஸ்கேனில் அட்ரீனலில் சின்னக் கட்டி தெரிவதும் சகஜம்தான், வயதானவர்களில் இன்னும் சகஜம். அவற்றில் பெரும்பாலானவை எதையும் சுரக்காமல் சும்மா இருப்பவை. ஆகவே சர்க்கரையும் கட்டியும் ஒருவரிடம் சேர்ந்து இருந்தாலே ஒன்று மற்றொன்றால் வந்தது என்று ஆகிவிடாது. உங்கள் தம்பி விஷயத்தில் என்னை யோசிக்க வைப்பது வயது, ஒல்லியான உடம்பு, குடும்பத்தில் இல்லாதது, அதோடு தலைவலி, வேர்வை, படபடப்பு மூன்றும் சேர்ந்து அலை அலையாக வருவது.

உறுதி செய்வது ரத்தத்திலோ 24 மணி நேரச் சிறுநீரிலோ மெட்டாநெஃப்ரின் அளவைப் பார்த்து. ஏன் நேராக அட்ரினலினையே அளக்கவில்லை என்றால், கட்டி அட்ரினலினை வெளியே விடுவது விட்டு விட்டுத்தான். நீங்கள் ரத்தம் எடுக்கும் நேரத்தில் விட்டிருக்காது. ஆனால் கட்டியின் செல்லுக்குள்ளேயே அட்ரினலின் ஓயாமல் மெட்டாநெஃப்ரினாக மாறி, அது தொடர்ந்து கசிந்துகொண்டிருக்கும். ரத்தம் எடுக்கும் முன் இருபது முப்பது நிமிடம் படுத்திருக்க வேண்டும். லேப்பில் போனதும் நாற்காலியில் உட்காரவைத்து எடுத்துவிட்டால் அளவு கூடக் காட்டலாம். சில மனச்சோர்வு மாத்திரைகளும் கணக்கைக் குழப்பும் என்பதால் அவன் சாப்பிடும் எல்லா மருந்தையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இந்தச் சோதனை முடிவு வரும் வரை யாரும் அந்தக் கட்டியில் ஊசி விட்டுச் சதை எடுக்கச் சம்மதிக்காதீர்கள். ஊசி பட்டதும் அட்ரினலின் மொத்தமாகக் கொட்டி உயிருக்கே ஆபத்தாகலாம். வாந்திக்குப் போடும் மெட்டோகுளோப்ரமைடு ஊசியும், ஸ்டீராய்டும் அதே வேலையைச் செய்யக்கூடும். படபடப்புக்கு என்று பீட்டா பிளாக்கர் மாத்திரையைத் தனியாக ஆரம்பிப்பதும் தவறு. முதலில் ஆல்பாவை அடைக்க வேண்டும், பிறகுதான் பீட்டா. வரிசை மாறினால் பிரஷர் எகிறும்.

இப்போது கட்டியை எடுக்கும் நாளுக்கு வருகிறேன். அதற்கு முன் 7 முதல் 14 நாட்கள் பிரசோசின், டாக்சசோசின், ஃபினாக்சிபென்சமின் போன்ற ஆல்பா தடுப்பு மருந்தில் ஒன்றைக் கொடுத்து, உப்பும் தண்ணீரும் தாராளமாகச் சேர்க்கச் சொல்வார்கள். இவற்றில் ஃபினாக்சிபென்சமின் மட்டும் ஆல்பா-2-ஐயும் அடைக்கிறது. அதனால் அறுவைக்கு முன்னரே ஷட்டர் பாதி ஏறி, சர்க்கரை இறங்கத் தொடங்குவதைச் சிலரில் பார்க்கலாம். மற்ற இரண்டும் ரத்தக்குழாயில் உள்ள ஆல்பா-1 ஏற்பியில் நிற்பவை; பிரஷரை அடக்கும், கணையத்தின் ஷட்டரை அவை தொடுவதில்லை.

அறுவையில், கட்டியிலிருந்து ரத்தம் வெளியேறும் சிரையைக் கட்டிய நிமிடமே அட்ரினலின் வரத்து நிற்கிறது. ரத்தத்தில் மிச்சமிருப்பதும் சில நிமிடங்களில் அழிந்துவிடும். மாதக்கணக்கில் வெளியே போக முடியாமல் பீட்டா செல்களில் தேங்கிக் கிடந்த இன்சுலின் இப்போது தடையில்லாமல் கொட்டுகிறது. கல்லீரலிலோ கிளைக்கோஜன் இருப்பு ஏற்கெனவே வற்றிக் கிடக்கிறது. இன்சுலின் கூடி, ஈடுகட்டச் சேமிப்பும் இல்லாதபோது சர்க்கரை எங்கே போகும்? கீழேதான். ஒரு வருடமாக 300-இல் நின்றவருக்கு அன்று மாலை 45, 50 என்று இறங்கலாம். பெரும்பாலும் இது முதல் 24 மணி நேரத்துக்குள் நடக்கும். இதில் மோசமான விஷயம், லோ சுகர் வந்தால் நமக்குத் தெரியவைக்கும் வேர்வை, நடுக்கம், படபடப்பு எதுவும் தெரியாமல் போகலாம். மயக்க மருந்தின் தாக்கம் தீர்ந்திருக்காது, நடுக்கத்தையும் படபடப்பையும் பீட்டா பிளாக்கர் மறைத்துவிடும். "நல்லாத் தூங்குறான்" என்று வீட்டார் நினைப்பார்கள்.

அதனால்தான் இந்த அறுவை முடிந்தவர்களுக்கு பிரஷர், நாடித்துடிப்போடு சர்க்கரையையும் அடிக்கடி பார்க்க வேண்டும் என்று அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டி 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் பரிந்துரைத்தது. வார்டில் அட்டென்டராக நீங்கள் இருக்கப்போகிறீர்கள் என்றால் நர்ஸிடம் தயங்காமல் கேளுங்கள்: எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை விரலில் குத்திப் பார்ப்பீர்கள், குளுக்கோஸ் டிரிப் ஓடுகிறதா என்று. அறுவைக்கு முன் எந்த மாத்திரையை எப்போது நிறுத்துவது, நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின் போடுவதாக இருந்தால் முதல் நாள் இரவு எவ்வளவு என்பதையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று. லோ சுகருக்குச் சில இடங்களில் குளுக்ககான் ஊசி போடுவது உண்டு. ஃபியோகுரோமோசைட்டோமா உள்ளவருக்கு அது கூடாது, கட்டியை உசுப்பிவிடும். அறுவைக்குக் காத்திருக்கும் நாட்களில் இது முக்கியம்.

இதுவரை சொன்னது உள்பகுதிக் கட்டி. சோதனையில் மெட்டாநெஃப்ரின் சரியாக இருந்துவிட்டால் வெளிப்பகுதியைப் பார்க்க வேண்டும், முதலில் கார்டிசாலை.

கொரோனா காலத்தில் டெக்ஸாமெத்தசோன் போட்டவர்களுக்குச் சர்க்கரை தாறுமாறாக ஏறியதை நம்மில் பலர் வீட்டிலேயே பார்த்தோம். அந்த மருந்து கார்டிசாலின் உறவுதான். கார்டிசால் சுரக்கும் கட்டி என்றால், அந்த ஸ்டீராய்டை வருடக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே ஏற்றிக்கொண்டிருப்பதற்குச் சமம். இதைக் குஷிங் நோய்த்தொகுதி என்கிறோம். இங்கே கதை வேறு மாதிரி. ஆரம்பத்தில் கணையம் இன்சுலினை வழக்கத்தைவிட அதிகமாகவே சுரக்கிறது. கல்லீரல் புரதத்திலிருந்து சர்க்கரை தயாரித்துக்கொண்டே இருக்கிறது, தசை இன்சுலினைச் சட்டை செய்வதில்லை, வயிற்றுக்குள் கொழுப்பு சேர்கிறது. இவ்வளவுக்கும் ஈடுகொடுத்து ஈடுகொடுத்துக் கணையம் ஒரு நாள் பின்தங்குகிறது. கார்டிசால் பீட்டா செல்லையும் நேரடியாக மந்தப்படுத்துகிறது. அப்போதுதான் சர்க்கரை வெளியே தெரிகிறது. அதுவும் காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் ஒழுங்காக இருக்கும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 280 இருக்கும். வெறும் வயிற்று எண்ணை மட்டும் பார்த்துத் திருப்தியடைபவர்கள் இதைத் தவறவிடுவார்கள்.

ஆளைப் பார்த்தே கொஞ்சம் ஊகிக்கலாம். முகம் உருண்டு, வயிறு பெருத்து, கை கால் மட்டும் சூம்பியிருக்கும். வயிற்றில் விரல் அகலத்துக்கு ஊதா வரிகள், லேசாக இடித்தாலே ரத்தம் கட்டுதல், கீழே குந்தியவர் கையூன்றாமல் எழ முடியாமை. சோதனை எளிது: இரவு 11 மணி வாக்கில் 1 மி.கி. டெக்ஸாமெத்தசோன் மாத்திரை, மறுநாள் காலை 8, 9 மணிக்கு கார்டிசால். ஆரோக்கியமானவர்களுக்கு அது டெசிலிட்டருக்கு 1.8 மைக்ரோகிராம் அல்லது அதற்குக் கீழே இறங்கிவிடும். கட்டி யார் பேச்சையும் கேட்காது என்பதால் இறங்காது. வெளியே எந்த அறிகுறியும் இல்லாமல் இந்த எண் மட்டும் லேசாகக் கூடியிருக்கும் ஆட்களும் நிறைய உண்டு. அவர்களுக்கும் சர்க்கரையும் பிரஷரும் மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது. அறுவை செய்வதா வேண்டாமா என்பதில் அவர்கள் விஷயத்தில் நிபுணர்களே ஆளுக்கு ஆள் வேறுபடுவார்கள்.

கார்டிசால் கட்டியை எடுத்த பிறகும் சர்க்கரை விழலாம், காரணம் வேறு. இத்தனை நாள் இந்தப் பக்கம் கொட்டியதால் எதிர்ப்பக்க அட்ரீனல் தூங்கிப் போயிருக்கும். அது விழிக்கப் பல மாதம் ஆகலாம். அதுவரை ஹைட்ரோகார்டிசோன் மாத்திரையை விடாமல் கொடுக்க வேண்டும். மாத்திரையை மறந்து, பழைய அளவு இன்சுலினையும் போட்டுக்கொண்டால் ஆபத்து.

ஆல்டோஸ்டீரோன் கட்டி பற்றிச் சுருக்கமாக. இதை 1950களின் நடுவில் விவரித்த மிச்சிகன் மருத்துவர் ஜெரோம் கானின் பெயரில் கான் நோய்த்தொகுதி என்பார்கள். பிரஷர்தான் இதன் முதல் முகம். ஆனால் இது சிறுநீரில் பொட்டாசியத்தை வெளியேற்றிவிடுகிறது. பொட்டாசியம் குறைந்தால் பீட்டா செல் இன்சுலினை ஒழுங்காக விடாது. 1965-இல் கானே இதை எழுதியிருக்கிறார். இங்கே சர்க்கரை மிகையாக ஏறுவதில்லை. பொட்டாசியத்தைச் சரிசெய்தாலே ஓரளவு இறங்கும். பிரஷருக்குத் தயசைடு மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடுவதில் பொட்டாசியம் குறைவதற்கும் பங்கு உண்டு.

எல்லா அட்ரீனல் கட்டியும் சர்க்கரையை ஏற்றும் என்றும் நினைத்துவிட வேண்டாம். வெளிப்பகுதியில் வரும் பெரிய புற்றுக்கட்டி மிக அபூர்வமாக இன்சுலினைப் போலவே வேலை செய்யும் ஐ.ஜி.எஃப்.-2 என்ற பொருளைச் சுரந்து சர்க்கரையைப் பாதாளத்துக்குத் தள்ளும். 1930-இல் ஆண்டர்சன் என்பவர் இப்படி ஒரு நோயாளியை விவரித்தார். அப்போது ரத்தத்தில் இன்சுலினை அளந்தால் கிட்டத்தட்ட இருக்கவே இருக்காது. சர்க்கரை விழுகிறது, இன்சுலினும் இல்லை, அப்படியானால் யார் குற்றவாளி என்று மருத்துவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் நிலை.

தம்பிக்குச் சர்க்கரை முழுக்கப் போய்விடுமா என்பதுதானே உங்கள் மனதில் இருப்பது. ஃபியோகுரோமோசைட்டோமா என்று உறுதியானால், அறுவைக்குப் பின் பெரும்பாலானவர்களுக்குச் சர்க்கரை போய்விடுகிறது அல்லது மருந்து வெகுவாகக் குறைகிறது. வயது குறைவு, உடல் பருமன் இல்லை, வந்து ஒரு வருடம்தான் ஆகிறது, குடும்பத்தில் இல்லை என்று எல்லாமே அவனுக்குச் சாதகம். கார்டிசால் கட்டி என்றால் இறங்குவது மெதுவாக, சிலருக்குக் கொஞ்சம் தங்கியும் விடும். எதுவானாலும் வீட்டுக்கு வந்ததும் மாத்திரைகளை நீங்களாக நிறுத்த வேண்டாம். பழைய அளவை அப்படியே தொடரவும் வேண்டாம். குளுக்கோமீட்டரில் காலை, மாலை, சாப்பிட்ட பிறகு என்று எழுதி வைத்துக் காட்டுங்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையை முதல் மாதமே எடுத்து, இன்னும் 9 இருக்கிறதே என்று கலங்காதீர்கள். சிவப்பணுக்களின் ஆயுள் 120 நாள் வரை. அந்த எண்ணில் தெரிவது கட்டி இருந்த காலத்துச் சர்க்கரை.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. இந்தக் கட்டிகளில் மூன்றில் ஒன்று அல்லது அதற்குக் கூடவே பரம்பரை மரபணு மாற்றத்தால் வருகின்றன. இளம் வயதில் வந்தால் அந்தச் சந்தேகம் இன்னும் கூடும். தம்பிக்கு இது உறுதியானால் மரபணுச் சோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். மாற்றம் இருப்பதாக வந்து, அது அப்பா வழியிலோ அம்மா வழியிலோ இறங்கியது என்றால், உடன்பிறந்த உங்களுக்கும் அது இருக்க இரண்டில் ஒன்று வாய்ப்பு. உங்களுக்கு இப்போது எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும் அன்று அவனோடு சேர்ந்து நீங்களும் ரத்தம் கொடுக்க வேண்டியிருக்கும்.